தேய்ந்தது தக்கைதானே!

(பட்டிமன்றத் தலைப்பு: இல்லத்தில் மகிழ்ச்சி பெருகுவது பழையதைப் பழுது பார்ப்பதிலா, புதியதை வாங்குவதிலா? ‘பழுது பார்ப்பதிலே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் புதுச்சட்டை, புதுச்செருப்பு, புதுக்கடிகாரம் என்று மாப்பிள்ளை கோலத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். “அம்மா, பத்து ரூபாய்க்குப் பேனா கிடைக்குது. எழுதினா எழுதுது, தீர்ந்தா தூக்கிப் போடுறோம். இதைப் போய் எவனாவது ரிப்பேர் பண்ணுவானா?” அப்படின்னு கேட்டாரு. கைதட்டலும் வாங்கிட்டாரு. தம்பி, நல்ல இடத்துலதான் கை வச்சிருக்கீங்க. நான் இன்னைக்கு வேற எதையும் பேசப் போறதில்லை. ஒரே ஒரு பேனாவைப் பத்தித்தான் பேசப் போறேன். (கைதட்டல்)

நடுவர்: பேனா ஒண்ணுதானா? நான் மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் வரும்னு நினைச்சேன்.

ஒண்ணு போதுங்கய்யா. அதுக்கு முன்னால நான் எந்த ஊருன்னு சொல்லிடறேன். பொறந்தது பெரம்பலூர். வாக்கப்பட்டது அரியலூர். 1998இலே எனக்குக் கல்யாணம் ஆனப்போ ரெண்டும் ஒரே மாவட்டம். 1995இலேதான் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டத்தைப் பிரிச்சிருந்தாங்க. 2001இலே அரியலூரைத் தனியாப் பிரிச்சாங்க. 2002இலே “வேண்டாம், சேர்ந்தே இருங்க”ன்னு சேர்த்தாங்க. 2007இலே திரும்பவும் பிரிச்சாங்க. நடுவர் அவர்களே, நானும் எங்க வீட்டுக்காரரும்கூட அத்தனை தடவை சண்டை போட்டுச் சேர்ந்ததில்லை! (பலத்த சிரிப்பு) கழற்றுறதும் மாட்டுறதும் எங்க மண்ணுக்குப் புதுசில்லைன்னு சொல்ல வர்றேன்.

இன்னொண்ணு. தூக்கி எறியற பழக்கமும் எங்க மண்ணுக்குக் கிடையாது. பெரம்பலூர் பக்கத்துல சாத்தனூர்னு ஒரு கிராமம். அங்கே ஒரு மரம் விழுந்தது. எப்போ? ஏறக்குறைய பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால! வேற ஊரா இருந்தா மக்கி மண்ணாயிருக்கும். எங்க ஊர்ல கல்லாவே மாறி, பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு இன்னும் படுத்திருக்கு. 1940இலே எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் அதைக் கண்டு சொன்னார். அப்போ அந்தப் பக்கமெல்லாம் கடல். அந்தக் கடல்ல செத்த கிளிஞ்சலும் சிப்பியும் சுண்ணாம்புக் கல்லாச்சு. சுண்ணாம்புக் கல் அரியலூர் சிமெண்டாச்சு. அந்தச் சிமெண்டுல யாராவது வீடு கட்டியிருப்பீங்க. கோடி வருஷத்துச் சிப்பிக்குள்ள குடியிருந்துக்கிட்டு, பழசு எதுக்குன்னு கேட்கலாமா தம்பி? (கைதட்டல்)

சரி, பேனாவுக்கு வர்றேன்.

எங்க மாமனார் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1961இலே வேலையில சேர்ந்தப்போ அவருடைய சித்தப்பா ஒரு பேனா குடுத்தாரு. சித்தப்பா பினாங்குல வேலை பார்த்தவர். யுத்தத்துக்கு முன்னால அங்கே வாங்கினது. ஜெர்மன் பேனா. பெலிக்கான்னு பேரு. பெலிக்கான்னா நம்ம கூழைக்கடாப் பறவைதான். கரைவெட்டி ஏரிக்கு வெளிநாட்டுப் பறவை வருதுன்னு எங்க மாவட்டமே பெருமைப்படுது. எங்க வீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து பினாங்கு வழியா ஒரு கூழைக்கடா வந்து, வந்த பறவை திரும்பிப் போகாம சட்டைப் பையிலேயே கூடு கட்டிக்கிச்சு! (சிரிப்பு)

நம்ம ஊர் மைப்பேனா எப்படி? கழுத்தைத் திருகிக் கழற்றுவோம், மையை ஊத்துவோம், மூடுவோம். உள்ளே ஒரு சாமானும் கிடையாது. வெறும் குழாய். நம்ம ஆளுங்க அதிலேயே சாதனை பண்ணியிருக்காங்க. ராஜமுந்திரியில ரத்தினம் பேனா 1930களிலேயே சுதேசிப் பேனாவா வந்தது. காந்தியடிகளுக்கே போய்ச் சேர்ந்தது. நம்ம திருவள்ளூர்ல ரங்கா பேனா, எபோனைட்டுங்கிற கடின ரப்பர்க் குச்சியைக் கையாலேயே கடைசல் பிடிச்சுச் செய்யறாங்க. உலகமெல்லாம் ஆள் தேடி வந்து வாங்கறாங்க.

ஆனா இந்த ஜெர்மன் பேனா வேற ஜாதி. 1929இலே வந்த அமைப்பு. தியோடர் கோவாச் என்கிற ஹங்கேரிப் பொறியாளர் யோசிச்சது. பேனாவோட வாலைத் திருகினா, உள்ளே ஒரு பிஸ்டன் கீழே இறங்கும். நிப்பை மைப்புட்டிக்குள்ள முக்கி, வாலைத் திருப்பித் திருகினா பிஸ்டன் மேலே ஏறும். மை தானா உள்ளே வரும். தாய்மார்களுக்குப் புரியற மாதிரி சொன்னா ஊசி போடுற சிரிஞ்சு. ஆனா ஒண்ணு கவனிக்கணும். மையைப் பேனா இழுக்கிறதில்லை. பிஸ்டன் விலகின இடத்துல காத்து இல்லை. வெளியில இருக்கிற காத்து, புட்டியிலிருக்கிற மையை அழுத்தி உள்ளே தள்ளுது. அப்படித் தள்ளணும்னா பிஸ்டனுக்கும் குழாய்க்கும் நடுவுல மயிரிழை இடைவெளிகூட இருக்கக்கூடாது. அந்த இடைவெளியை அடைக்கிறது யாரு? ஒரு சின்ன வளையம். அந்தக் காலத்துல அதைத் தக்கையிலே செஞ்சாங்க. ஓமத்திரவப் புட்டி மூடியில இருக்குமே, அதே தக்கை!

இது பெரிய ஜெர்மன் ரகசியம்னு நினைக்காதீங்க. சின்ன வயசுல மூங்கில்ல பீச்சாங்குழல் செஞ்சு மஞ்சத்தண்ணி அடிச்சோமே, குச்சி நுனியில என்ன சுத்தினோம்? துணி! துணி நனைஞ்சு உப்பினாத்தான் தண்ணி பீய்ச்சும். சைக்கிள் பம்புல என்ன இருக்கு? தோல் வாஷர். அம்மா பம்பு ஸ்டவ்வுல காத்தடிச்சாங்களே, அதிலேயும் தோல் வாஷர். தெருமுனை அடிபம்புல? அதிலேயும்! ‘இந்தியா மார்க் 2’ன்னு யூனிசெஃப் துணையோட 1970களிலே வந்த கைப்பம்பு. நிலத்துக்கடியில நூறடி ஆழத்துல பிஸ்டனைச் சுத்தி தோல் கிண்ணம். தோல் தேஞ்சா ஊருக்கே தண்ணியில்லை. மாத்தணும்னா மொத்தக் குழாயையும் மேலே தூக்கணும். அப்புறம் 1980களிலே நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் வச்சுச் சோதனை பண்ணித்தான், தோலுக்குப் பதிலா நைட்ரைல் ரப்பர் நெடுநாள் உழைக்கும்னு கண்டாங்க. ஆக, பேனாவுல தக்கை, பம்புல தோல். சாதி வேற, வேலை ஒண்ணு. பம்புல தோல் தேஞ்சதுன்னு கிணத்தைத் தூர்த்தோமா நடுவர் அவர்களே? (பலத்த கைதட்டல்)

இப்போ என் வீட்டுக் கதையைச் சொல்றேன். இதுக்குத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

எங்க மாமாவுக்கு எண்பது வயசு தாண்டிடுச்சு. விரல் முட்டியெல்லாம் வீங்கி, கை நடுங்கும். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதணும். உருளுற குண்டு அழுத்தினாத்தான் உருளும். அழுத்தினா அவருக்கு வலிக்கும். வலிச்சா கை ஆடும். ஓய்வூதியம் எடுக்கப் போன இடத்துல — எந்த வங்கின்னு சொல்ல மாட்டேன், அவங்களும் சட்டப்படிதான் நடந்தாங்க — “ஐயா, கையெழுத்து ஒத்துப் போகலையே”ன்னாங்க. மறுபடி போட்டாரு. அதுவும் ஒத்துப் போகலை. மூணாவது தடவையும் சரியில்லை. அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் சொன்னுச்சு: “பரவாயில்லைங்க ஐயா, கைநாட்டு வச்சிடுங்க. அதுக்கு ஒரு படிவம் இருக்கு.”

நடுவர் அவர்களே, அவர் யாரு தெரியுமா? அறிவொளி இயக்கம் தமிழ்நாடெங்கும் நடந்த காலத்துல, பகலெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு, ராத்திரி தெருவிளக்குக்குக் கீழே கடலைக் கொல்லையிலிருந்து வந்த பாட்டிகளைக் கூட்டி வச்சுக் கையெழுத்துப் போடக் கத்துக் குடுத்தவர். “ஆத்தா, இந்த மைக்கட்டியை இனிமே தொடாதே. உன் பேரு இவ்வளவு அழகா இருக்கு, அதை எழுது”ன்னு சொன்னவர். ஊரு கட்டைவிரலையெல்லாம் கையெழுத்தா மாத்தின மனுஷனுடைய கட்டைவிரலைக் கேட்டாங்க. (அரங்கில் அமைதி)

அவர் ஒண்ணும் பேசலை. பணம் எடுக்காமலே வீட்டுக்கு வந்துட்டாரு. ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை.

கையெழுத்துன்னா வெறும் கோடு இல்லீங்க. அதோட கனம் எங்க ஊருக்குத் தெரியும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, அரியலூர் பக்கத்துல மருதையாத்து வெள்ளத்துல பாலம் பாதிக்கப்பட்டு தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூத்துக்கு மேல உயிர் போச்சு. ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி, பொறுப்பு என்னுடையதுன்னு ராஜினாமாக் கடிதம் கொடுத்தாரு. அன்னைக்கு எங்க மாமா சின்னப் பையன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் கையெழுத்துப் போடப் பழக்குவாராம். “பேரை எழுதிட்டா பொறுப்பு வந்துரும்டா”ன்னு.

அப்பத்தான் எனக்கு மேசை டிராயர் ஞாபகம் வந்துச்சு. அந்தக் கூழைக்கடா அங்கேதான் கிடந்தது. மைப்பேனாவை அழுத்த வேண்டாம். நிப்பு காகிதத்தைத் தொட்டா போதும், மை இறங்கும். ஆனா அது மையே பிடிக்காம இருபது வருஷத்துக்கு மேலே ஆச்சு. வாலைத் திருகினா வழுக்கிக்கிட்டுச் சுத்தும். பின்பக்கமா மை கசியும். முன்னொரு தடவை திருச்சி மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பேனா வைத்தியர் தக்கை மாத்திக் குடுத்திருந்தாராம். அவரும் இப்போ இல்லை.

எங்க அண்ணன் பெரம்பலூர்ல லேத் பட்டறை வச்சிருக்காரு. அடிபம்பு, பம்புசெட்டு ரிப்பேர்தான் தொழில். பஸ் ஏறிப் போய் அவர் கையில குடுத்தேன். “ஏம்மா, நான் அஞ்சு குதிரை மோட்டார் பார்க்கறவன், என்கிட்ட அரைக் குதிரைகூட இல்லாத சாமானைக் குடுக்கறியே”ன்னாரு. (சிரிப்பு) ஆனா கண்ணு பேனாவை விட்டு அகலலை!

முதல்ல பச்சைத் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறப் போட்டாரு. வெந்நீர் கூடாது, ஸ்பிரிட் கூடவே கூடாது, பழைய பிளாஸ்டிக்கைத் தின்னுடும். காலையில பார்த்தா தண்ணி நீலமா இருந்தது. இருபது வருஷத்து மை கரைஞ்சு வந்திருந்துச்சு. அப்புறம் நிப்பைத் திருகிக் கழற்றினாரு. பின்பக்கத்துல பிஸ்டனைக் கழற்றப் போகையில நிறுத்தினாரு. வழக்கமாத் திருகற பக்கம் அசையவே இல்லை. “இது இடது மரைம்மா”ன்னாரு. சைக்கிள்ல இடது பெடல் மட்டும் தலைகீழ் மரையா இருக்கும், தெரியுமில்லே? வேலை செய்யற பக்கத்துக்கே சுத்தினா தானா கழண்டுடக்கூடாதுன்னு அப்படி வைப்பாங்க. அந்த மாதிரி. பலத்தைக் காட்டியிருந்தா பேனா ரெண்டாப் பிளந்திருக்கும். எங்கேயும் இது பொருந்தும். வராத இடத்துல இழுக்காதே, எந்தப் பக்கம் வரும்னு பாரு. (எதிரணியைப் பார்த்து) இது மருமகள்களுக்கும் மாமியார்களுக்கும் சேர்த்துச் சொன்னது! (சிரிப்பு, கைதட்டல்)

உள்ளே இருந்த தக்கை சுருங்கி, பொடியாக் கொட்டுச்சு. அவ்வளவுதான் வியாதி. நிப்புல பழுதில்லை, உடம்புல விரிசலில்லை, தண்டு வளையலை. தேய்ந்தது தக்கைதானே!

புதுத் தக்கைக்கு அலைஞ்சோம். இப்போ கிடைக்கிற பாதி தக்கை தூளை ஒட்டிச் செய்யறது. துளை போட்டா உதிரும். கடைசியில பள்ளிக்கூட ஆய்வகத்துக்குச் சாமான் விக்கிற கடையில முழுத் தக்கை கிடைச்சது. இந்தத் தக்கை எங்கேயிருந்து வருதுன்னு நெனைக்கிறீங்க? போர்ச்சுகல், ஸ்பெயின் நாட்டுல ஒரு வகை ஓக் மரம். மரத்தை வெட்டறதில்லை. பட்டையை மட்டும் உரிப்பாங்க. அது மறுபடி வளர ஒன்பது வருஷம் விட்டு வைப்பாங்க. தன் பட்டையைத் தானே பழுது பார்த்துக்கற மரம்! அதனால பழுது பார்த்த பேனா! எதிரணித் தலைவர் இதைக் குறிச்சுக்கணும்.

நடுவர்: அவரு பால்பாயிண்ட்லதான் குறிச்சுக்கிட்டிருக்காரு. (சிரிப்பு)

அழுத்தி எழுதட்டுங்கய்யா! அண்ணன் முதல்ல நடுவுல துளை போட்டாரு. வெளியே இழைச்சுட்டுத் துளை போட்டா நடுமையம் தப்பிடும். துளை போட்டு, தண்டுல மாட்டி, லேத்தை மெல்லச் சுத்தவிட்டு, நைஸ் உப்புத்தாளை வச்சு இழைச்சாரு. ஒரு இழை கூடினா குழாய்க்குள்ள இறுகி, திருகும்போது தண்டு முறியும். ஒரு இழை குறைஞ்சா மை பின்னால ஏறும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. அதைக் கருவி காட்டாது, விரல்தான் காட்டும். பெறகு தேன்மெழுகும் மெழுகுவத்தி மெழுகும் உருக்கி அதுல தக்கையை ஊறப் போட்டாரு. தக்கையோட துளையெல்லாம் மெழுகு போய் அடைச்சுக்கும். மை உறிஞ்சாது, காயாது. கடைசியா, கடிகாரக் கடைக்காரங்க தண்ணி புகாம வளையத்துக்குத் தடவற சிலிக்கான் கிரீஸ், கடுகளவு.

நான் கேட்டேன், “ஏண்ணே, சைக்கிள் பம்புக்கு மாதிரி தேங்காயெண்ணெய் விட்டா என்ன?” “பம்புக்குள்ள காத்து ஓடுது, இதுக்குள்ள மை ஓடணும்மா. எண்ணெய் கலந்தா மை இறங்காது, பனியில உறைஞ்சும் போகும்”னாரு. படிப்பு பத்தாவதுதான் நடுவர் அவர்களே!

மாட்டின உடனே மை ஊத்தலை. தண்ணி ஏத்தி, நிப்பு கீழே இருக்கிற மாதிரி ராத்திரி முழுக்க ஒரு தம்ளர்ல நிறுத்தி வச்சாரு. அடியில வெள்ளைக் காகிதம். காலையில காகிதம் காய்ஞ்சு கிடந்தது. பின்பக்கம் ஒரு சொட்டு ஏறலை.

எதிரணியில ஒருத்தர் கை தூக்கறார். சொல்லுங்க தம்பி. “புதுத் தக்கைதானேம்மா வாங்கினீங்க? அப்போ புதுசு வாங்கினதுலதானே மகிழ்ச்சி?” (சிரிப்பு) நல்ல கேள்வி. தம்பி, கண்ணாடிக்குப் பவர் மாத்தறோம், கண்ணையா மாத்தறோம்? மாத்த வேண்டியதை மாத்தறதுக்குப் பேருதான் பழுது பார்க்கறது. எல்லாத்தையும் ஒட்டுப் போட்டு ஓட்டுங்கன்னு நான் சொல்லலை. கேஸ் அடுப்பு ரப்பர் குழாயில அஞ்சு வருஷம்னு தேதி போட்டிருப்பாங்க. அதுல போய் டேப் சுத்தி மிச்சம் பிடிக்கிறவங்க எங்க அணியில வேண்டாம். தலைகாயத்துல விரிசல் விட்ட ஹெல்மெட்டும் அப்படித்தான். எதை மாத்தணும், எதை வச்சுக்கணும்னு தெரியணும்னா, முதல்ல அதைத் திறந்து பார்க்கணும். உங்க அணி திறந்தே பார்க்கறதில்லையே! (பலத்த கைதட்டல்)

நேரம் ஆயிடுச்சுன்னு நடுவர் மணி மேல கை வைக்கறார். முடிச்சிடறேன்.

பேனா வீட்டுக்கு வந்த அன்னைக்கு மாமா கையில குடுத்தேன். ராயல் புளூ மை வாங்கி வச்சிருந்தேன். அவரே நிப்பை முக்கி வாலைத் திருகினாரு. மை ஏறிச்சு. பழைய பஞ்சாங்கத்தோட பின்பக்கத்துல பேரை எழுதினாரு. கை ஆடத்தான் செஞ்சது. ஆனா நிப்பு வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. பதினாறு தடவை எழுதினாரு. எங்க அத்தை அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்துட்டு, “1961இலே போட்ட அதே ‘ழ’ சுழி”ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க.

அடுத்த வாரம் அதே வங்கி. அதே பொண்ணு. கணினியில கையெழுத்தை வச்சுப் பார்த்துச்சு, சீட்டைப் பார்த்துச்சு, மறுபடி கணினியைப் பார்த்துச்சு. “சரியா இருக்குங்க ஐயா”ன்னு முத்திரை குத்திடுச்சு. அப்புறம் ஆசையா, “ஐயா, அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்களேன், ஒரு கையெழுத்துப் போட்டுப் பார்க்கறேன்”னுச்சு. எங்க மாமா மூடியை இறுக்கித் திருகிப் பையில குத்திக்கிட்டுச் சொன்னாரு: “நாளைக்கு வீட்டுக்கு வாம்மா, உன் கைக்கு ஏத்த ஒரு நிப்புப் பேனா வாங்கி வைக்கறேன். இது என் கைக்கே இப்பத்தான் சமாதானம் ஆயிருக்கு!” (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

மணி அடிச்சுட்டாரு நடுவர்.